இருளும் கலங்கலும்: ‘ஆப்ஃபஸ்கேட்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலத்தில் ‘ஆப்ஃபஸ்கேட்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது அன்றாடச் சொல். தான் எழுதிய நிரலை மற்றவர் படித்துப் புரிந்துகொள்ளாதபடி வேண்டுமென்றே சிதைத்து வெளியிட்டால் அது ஆப்ஃபஸ்கேஷன். ஆங்கில நாளிதழ்களின் அரசியல் பக்கத்திலும் இதே சொல் வரும். ‘பணம் எங்கே போச்சு?’ என்று ஒரு அமைச்சரைக் கேட்டால் அவர் இருபது நிமிடம் புள்ளிவிவரமாக அடுக்குவார், கேட்டவனுக்குத் தலை சுற்றும், பதில் மட்டும் வராது. அதற்கும் இதே வினைதான்.

தமிழில் இதற்கு என்ன சொல்? அகராதிகளிலும் இணையத்துக் கலைச்சொல் பட்டியல்களிலும் தேடினால் வழக்கமாக நாலைந்து சொற்கள் மாறி மாறிக் கண்ணில் படுகின்றன: இருளாக்கு, மங்கலாக்கு, மறை, குழப்பு, தெளிவற்றதாக்கு. இந்த ஐந்துமே போதாது என்பது என் கட்சி. சொல் அழகாக இல்லை என்ற ரசனைப் பிரச்சினை இல்லீங்க இது. தப்பான சொல்லைப் போட்டால் ஒரு விதியே தலைகீழாகப் போய்விடும். அந்த விதியையே முதலில் பார்த்துவிடுவோம்.

ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 1998இல் தொடங்கப்பட்டது. எந்த மென்பொருளைத் திறமூலம் என்று அழைக்கலாம் என்பதற்கு அது பத்து நிபந்தனைகள் வைத்திருக்கிறது. இரண்டாவது நிபந்தனை மூலநிரல் பற்றியது. மென்பொருளோடு மூலநிரலையும் கொடுக்க வேண்டும். ஒரு நிரலாளர் திருத்தம் செய்ய விரும்பினால் எந்த வடிவத்தை விரும்பி எடுப்பாரோ அந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே ஆப்ஃபஸ்கேட் செய்த மூலநிரலைக் கொடுப்பது செல்லாது. இதுதான் சாரம்.

கடைசிப் பகுதியை ‘வேண்டுமென்றே மறைக்கப்பட்ட மூலநிரல் ஏற்கப்படாது’ என்று தமிழில் எழுதிப் பாருங்க. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அர்த்தம்? மறைத்தால் கொடுக்கவில்லை என்றாகிவிடும். மூலநிரலைக் கொடுக்காதவனைத்தான் முதல் வரியே பிடித்துவிட்டதே, அப்புறம் இந்த வரி எதற்கு? இந்த வரி எழுதப்பட்டது கொடுக்காதவனுக்காக அல்ல, கொடுத்தவனுக்காக. ஒரு எழுத்து குறையாமல் முழுசாகக் கொடுத்திருக்கிறான். கணினியில் ஓட்டினால் ஓடும். ஆனால் ‘வரியைக் கணக்கிடு’ என்று இருந்த பெயர் ‘அ’ ஆகிவிட்டது, ‘வாடிக்கையாளர் வயது’ என்பது ‘ஆ’ ஆகிவிட்டது, நேராகப் போகும் பாதை பத்து இடத்தில் வளைந்து போகிறது, எங்குமே பயன்படாத கணக்குகள் நடுநடுவே செருகப்பட்டிருக்கின்றன. கேட்டால், ‘கொடுத்துட்டேனே, பார்க்கலையா?’ என்பான். மறைத்தல் என்ற சொல் இந்த ஆளைத் தப்பவிட்டுவிடுகிறது. ‘நான் எதையும் மறைக்கலை’ என்று அவன் சத்தியமே செய்யலாம், அது பொய்ச் சத்தியமும் ஆகாது.

இந்த வினையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பொருள் அங்கேயே இருக்கிறது, எதுவும் எடுக்கப்படவில்லை, சில நேரம் கூடுதலாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது; ஆனாலும் பார்ப்பவனுக்குப் புலப்படவில்லை. அப்படி ஆக வேண்டும் என்று ஒருவன் திட்டமிட்டுச் செய்திருக்கிறான். இந்த நாலும் தமிழ்ச் சொல்லிலும் வந்தாக வேண்டும்.

சரி, வேர்ச்சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் ‘ஃபுஸ்குஸ்’ என்றால் கருமை. ஆனால் கன்னங்கரேல் என்ற கறுப்பு இல்லை, மங்கிய பழுப்பு, அந்திக் கருக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பழுப்புக் கீரியின் அறிவியல் பெயரில் வரும் ‘ஃபஸ்கா’ இதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர்கள் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போகும் கருநிறச் சீருடைக்கு ‘சப்ஃபஸ்க்’ என்று பெயர், அதுவும் இந்த வேர்தான். முன்னால் ‘ஆப்’ என்ற ஒட்டு சேர்ந்து ‘மேலே இருளைப் போர்த்து’ என்ற பொருளில் வினையானது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

இதே இலத்தீன் வினை மற்ற ஐரோப்பிய மொழிகளில் என்ன ஆனது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இத்தாலியர்கள் ஓரளவு பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய ‘ஒஃபுஸ்காரே’ இன்றும் மங்கச் செய்வதைக் குறிக்கிறது. ஸ்பானிய ‘ஒஃபுஸ்கார்’ கண் கூசச் செய்வதைக் குறிக்கும். அதாவது இருட்டால் இல்லை, வெளிச்சம் அதிகமாகிக் கண் தெரியாமல் போவது! கோபத்திலோ ஆசையிலோ அறிவு மறைத்துப்போவதற்கும் அதையே சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் தூரம் போய்விட்டார்கள். அவர்களுடைய ‘ஒஃபுஸ்கே’ ஒரு காலத்தில் பார்வையை மறித்து நிற்பதைக் குறித்தது, இன்று மனம் புண்படச் செய்வதைக் குறிக்கிறது. என் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நீ நின்றால் எனக்குக் கோபம் வரும், அப்படித்தான் போயிருக்க வேண்டும். (ஆங்கிலத்தில் புண்பட்டுக் கோபித்துக்கொள்வதை ‘டேக் அம்ப்ரேஜ்’ என்பார்கள். அந்த அம்ப்ரேஜும் நிழல் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நிழலுக்கும் ரோஷத்துக்கும் அந்தப் பக்கத்து மொழிகளில் ஏதோ ஒரு சம்பந்தம்.)

ஒரே தாய், நாலு பிள்ளைகள், நாலு குணம். வேடிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் ‘இருளாக்கு’ இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. ஆங்கிலச் சொல்லின் இன்றைய வேலையைப் பார்க்காமல் இலத்தீன் பாட்டியின் நிறத்தைப் பார்த்துத் தமிழில் வைத்த பெயர் அது. இத்தாலியச் சொல்லுக்குப் பொருந்தலாம். ஆங்கிலத்தில் இன்று யாரும் விளக்கை அணைத்துவிட்டு ‘அறையை ஆப்ஃபஸ்கேட் செய்தேன்’ என்று சொல்வதில்லை.

அது போக, தமிழில் இருட்டுவது யார்? வானம் இருட்டிக்கிட்டு வருது. பொழுது இருட்டிடுச்சு. பசியில கண்ணு இருட்டுது. கவனிச்சீங்களா, இந்த வாக்கியங்கள் எதிலுமே செய்தவன் என்று ஒருத்தன் இல்லை. நம் மொழியில் இருட்டு பெரும்பாலும் தானாக வருவது. தத்துவத்தில் இருள் என்றாலும் அறியாமைதான், அதுவும் ஒருவன் இன்னொருவனுக்குச் செய்த சதி இல்லை. ‘விவகாரத்தை இருளாக்கினார்’ என்று எழுதினால் வாசகனுக்கு முதலில் மின்தடைதான் ஞாபகம் வரும். செய்தவன் உள்ள ஒரே இருட்டுச் சொல் நம்மிடம் பரவலாக இருப்பது ‘இருட்டடிப்பு’. பத்திரிகைகள் ஒரு செய்தியைப் போடாமலே விட்டால் ‘இருட்டடிப்பு செய்தார்கள்’ என்போம். அருமையான சொல். ஆனால் அதன் பொருள் நேர் எதிர்: அங்கே செய்தியே இல்லை. ஆப்ஃபஸ்கேஷனில் செய்தி இருக்கிறது, பத்துப் பக்கத்துக்கு இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

‘மங்கலாக்கு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். புகைப்படத்தில் முகத்தைத் தெரியாமல் செய்யும் வேலைக்கு அது பொருந்தும், அங்கேயே இருக்கட்டும்.

‘மறை’ பற்றித் திறமூல விதியில் பார்த்தோம். அதற்கு இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. கணினித் தமிழில் ‘என்கிரிப்ஷன்’ என்பதை மறையாக்கம், குறியாக்கம் என்று சொல்கிறார்கள். அங்கே சாவி இல்லாதவனுக்கு உள்ளடக்கம் கிடைக்கவே கிடைக்காது. ஆப்ஃபஸ்கேஷனில் சாவியும் கிடையாது பூட்டும் கிடையாது. பொறுமையும் நல்ல கருவியும் இருந்தால் எவனும் பிரித்துப் படித்துவிடலாம். கைபேசிச் செயலிக்குள் கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டு, ‘மறைச்சுத்தான் வெச்சிருக்கோம்’ என்று நம்பும் திட்ட மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறைக்கவில்லை. எழுத்துகளை வேறு வடிவத்தில் மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பூட்டின் அமைப்பு எதிரிக்கு முழுக்கத் தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்கிற மாதிரிதான் பூட்டு இருக்க வேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் 1883லேயே எழுதிவிட்டார். பூட்டையும் சேற்றையும் ஒரே சொல்லால் அழைத்தால் தமிழில் கணினிப் பாதுகாப்பு படிக்கும் பிள்ளைக்கு முதல் பாடமே தப்பாகப் போகும்.

‘குழப்பு’ இந்தக் கூட்டத்தில் நல்ல வேட்பாளர். செய்பவன் இருக்கிறான், விளைவும் சரி. ஆனால் உள்நோக்கம் கட்டாயமில்லை. நல்ல மனசுள்ள ஆசிரியர்கூட வகுப்பில் குழப்பிவிடுவார். மேலும் ஒரு தொழில்நுட்பச் சங்கடம்: கிளாட் ஷேனன் 1949இல் ரகசியத் தொடர்பு முறைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘கன்ஃபியூஷன்’, ‘டிஃப்யூஷன்’ என்று இரண்டு குணங்களைப் பிரித்துச் சொன்னார். மறையாக்கப் பாடத்தில் இன்றும் அவைதான் அடிப்படை. குழப்பம் என்ற சொல்லை அங்கே வைத்தாக வேண்டும், இரண்டு வேலைக்கு ஒரே ஆளை அனுப்ப முடியாது.

மிச்சம் இருப்பது ‘தெளிவற்றதாக்கு’. நேர்மையான சொல், ஆனால் ஊன்றுகோல் பிடித்து நடக்கிறது: தெளிவு, அற்றது, ஆக்கு. ஒரு செயலை அது எது இல்லையோ அதை வைத்துச் சொல்கிறது. பேசும்போது யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் எனக்கு வழி காட்டியது இந்தச் சொல்தான், ஏன் என்றால் அதற்குள்ளே ‘தெளிவு’ இருக்கிறது.

தெளிவு என்பது தமிழில் வெளிச்சச் சொல் இல்லை, தண்ணீர்ச் சொல். ஆங்கில ‘க்ளியர்’ இலத்தீன் ‘கிளாருஸ்’ வழியாக வந்தது, பிரகாசம் என்ற பொருள் அதில் இருக்கிறது. அங்கே தெளிவின் எதிரி இருட்டு என்பது பொருத்தம். நமக்கு அப்படி இல்லை. தண்ணீர் தெளியும். குடத்தில் மண்டி அடியில் தங்கி மேல்நீர் தெளிந்தபின் மெதுவாக இறுத்துக்கொள்வோம். குடிபோதை தெளியும், சித்தம் தெளியும், எல்லாமே அந்தக் குடத்திலிருந்து வந்தவை. ‘தேறு’ என்ற சொல்லையும் பக்கத்தில் வையுங்க. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் அழுக்கு அடியில் இறங்கிவிடும். நம் ஊர்ப்புறங்களில் தேத்தாங்கொட்டை என்பார்கள். அந்தத் ‘தேற்று’தான் துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுவதிலும் இருக்கிறது. கலித்தொகையின் நெய்தற்பகுதியில், பிரிவால் மனம் கலங்கிய பெண் காதலன் வந்ததும் தெளிந்ததற்கு இந்தக் கொட்டையிட்டுத் தெளிந்த நீரையே உவமையாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரையும் மனசையும் ஒரே வினையால் பேசுவது நேற்று வந்த பழக்கம் இல்லை.

அப்படியென்றால் தெளிவுக்கு எதிர்ச்சொல் இருள் அல்ல, கலங்கல். மனம் கலங்குகிறது, கண் கலங்குகிறது, நீர் கலங்குகிறது. கலங்கிய குளத்தில் தரை அப்படியே இருக்கிறது, மீன் அப்படியே இருக்கிறது, தண்ணீர் ஒரு சொட்டுக் குறையவில்லை. நடுவில் மண் சேர்ந்திருக்கிறது, தெரியவில்லை. மேலே நான் சொன்ன நாலு நிபந்தனையில் மூன்று இங்கேயே நிறைவேறிவிட்டன.

நாலாவது, திட்டமிட்டுச் செய்பவன். அவனும் தயாராக இருக்கிறான். குட்டையைக் குழப்புகிறவன் என்று யாரைச் சொல்கிறோம்? அடுத்தவர் சண்டையில் ஆதாயம் தேடுபவனை ‘குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறான்’ என்போம், அவன் வெறும் சந்தர்ப்பவாதி. தானே இறங்கி அடிமண்ணைக் கிளப்பிவிடுகிறவன் வேறு ஆள். ஆங்கிலக்காரன் ஆப்ஃபஸ்கேட்டர் என்பது அந்த இரண்டாமவனை. சொல் இல்லை சொல் இல்லை என்று நாம் தேடிக்கொண்டிருக்கிறோம், பழமொழி டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் அரசியலும் ஆங்கிலமும் பற்றி எழுதிய பிரபலமான கட்டுரையிலும், மனசில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக எழுதுபவன் நீளமான சொற்களைக் கொட்டுவதைக் கணவாய் மீன் மை பீய்ச்சுவதற்கு ஒப்பிட்டிருப்பார். இருட்டு வேரில் பிறந்த ஒரு செயலை விளக்க ஆங்கில எழுத்தாளரும் கடைசியில் தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டியிருந்தது.

இந்த வினைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் தமிழில் உண்டு. நேரான கேள்விக்கு நழுவலான பதில் என்றால் மழுப்புதல். குறையை வெளியே தெரியாமல் சரிக்கட்டினால் பூசி மெழுகுதல். ஊருக்கே தெரிந்ததை இல்லை என்று சாதித்தால் சோற்றுக்குள் பூசணிக்காய். அமைச்சர் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் பாதி நேரம் ‘மழுப்பினார்’ என்று போட்டாலே போதும். ஆங்கிலத்தில் ஒரு வினை என்பதற்காகத் தமிழிலும் எல்லா இடத்திலும் ஒரே வினை வேண்டும் என்று யாரும் நமக்குச் சட்டம் போடவில்லை. பொதுச்சொல்லும் கலைச்சொல்லும் தேவைப்படும் இடத்துக்குத்தான் கலங்கல்.

ஆனால் ஒரு போட்டியாளர் என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை: ‘மயக்கு’. அந்தி மயங்கும் நேரம் என்கிறோம், அதில் கருக்கல் இருக்கிறது, சாட்சாத் ஃபுஸ்குஸ். மயங்கு என்றால் ஒன்றோடொன்று கலப்பதும் உண்டு. தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல், உயிர் மயங்கியல் என்று இயல்களே இருக்கின்றன. திணை மயக்கம் என்கிறோம். அறிவு தடுமாறுவதும் மயக்கம். இருட்டு, கலப்பு, தடுமாற்றம் மூன்றும் ஒரே தமிழ் வேரில்! இலத்தீன் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி உலகத்தில் வேறு எந்த மொழியிலாவது கிடைக்குமா என்று தோன்றியது. இன்றைய காதில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல். ‘நிரலை மயக்கினேன்’ என்றால் பாட்டுப்பாடி மயக்கியது போல இருக்கிறது. ‘நிரல் மயக்கம்’ என்றால் யாராவது சோடா வாங்கி வருவார்கள். பழைய பொருள் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் இன்று கேட்பவன் காதில் விழுவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ‘இருளாக்கு’ மீது நான் வைத்த அதே குற்றச்சாட்டை மயக்கு மீது வைக்காமல் விட்டால் அது ஓரவஞ்சனை.

கலக்கு என்றே சொல்லிவிடலாமா? அதற்கும் இன்றைய காது விடாது. ‘கலக்கிட்டான்யா’ என்றால் பாராட்டு. ‘கலக்கல் நிரல்’ என்றால் மீம் போட்டுவிடுவார்கள். கலப்பது என்ற பொருளும் குறுக்கே வரும். அதனால் என் தேர்வு ‘கலங்கலாக்கு’, பெயர்ச்சொல் ‘கலங்கலாக்கம்’. வட மாவட்டங்களில் ஏரியின் மிகைநீர் வழியைக் கலங்கல் என்பார்கள், நீர்வளத்துறைக்காரர் ஒரு நிமிடம் புருவத்தை உயர்த்தலாம். அந்த அளவு இடைஞ்சல் எந்தச் சொல்லுக்கும் உண்டு.

கலங்கல் என்று வைத்துக்கொண்டால் இந்தத் துறையின் வரலாறே தமிழில் எளிதாகச் சொல்ல வருகிறது. 1943 ஜூலையில் பிரிட்டிஷ் விமானங்கள் ஹாம்பர்க் நகரைத் தாக்கப் போனபோது வானத்திலிருந்து அலுமினியப் பூச்சுள்ள காகிதக் கீற்றுகளைக் கத்தை கத்தையாகக் கொட்டின. ஜெர்மன் ரேடார் திரையிலிருந்து ஒரு விமானமும் மறையவில்லை. திரை முழுக்கப் புள்ளிகள், எது விமானம் எது காகிதம் என்று தெரியவில்லை. 2006இல் வந்த ‘டிராக்மீநாட்’ என்ற உலாவி நீட்சியும் அதே வேலையைத்தான் செய்தது. நீங்க தேடுபொறியில் தேடுவதை அது மறைக்காது. சம்பந்தமே இல்லாத நூறு தேடல்களைப் பின்னாலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹெலன் நிசன்பாம், ஃபின் பிரன்டனோடு சேர்ந்து 2015இல் இந்த உத்தியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வலிமையில்லாதவன் கையில் இது ஒரு ஆயுதம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு உண்டு. கலக்குவது எப்போதும் கெட்டவன் வேலை என்று சொல்ல முடியாது, கணவாய்க்கும் உயிர் முக்கியம்தானே.

கணிதக்காரர்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு நிரலை முழுக் கறுப்புப் பெட்டி ஆக்க முடியுமா, அதாவது உள்ளே போவதும் வெளியே வருவதும் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரியாதபடி செய்ய முடியுமா என்பது கேள்வி. எல்லா நிரலுக்கும் பொருந்தும்படி அப்படி ஒரு முறை இருக்கவே முடியாது என்று போவாஸ் பராக்கும் சகாக்களும் 2001இல் நிரூபித்தார்கள். முழு இருட்டு கிடைக்காது என்று அர்த்தம். அதற்குப் பதிலாக ஒரு சிறிய இலக்கு வைத்துக்கொண்டார்கள்: ஒரே வேலையைச் செய்யும், ஒரே அளவுள்ள இரண்டு நிரல்களைக் கலங்கலாக்கிக் கொடுத்தால், எது எந்தக் குட்டையின் தண்ணீர் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியக்கூடாது. 2013இல் இதற்கு முதல் உருப்படியான வழி முன்மொழியப்பட்டது. 2020இல் ஆயுஷ் ஜெயின், ஹுய்ஜியா லின், அமித் சஹாய் மூவரும் துறையில் நன்கு நம்பப்படும் அனுமானங்களின் மீதே அதைக் கட்டிக் காட்டினார்கள். சஹாயின் பெயர் 2001 கட்டுரையிலும் இருக்கிறது, 2013லும் இருக்கிறது. முடியாது என்று நிரூபித்தவர்களில் ஒருவரே முடிந்தவரை என்ன முடியும் என்று இருபது வருஷம் தேடியிருக்கிறார். ‘இருளாக்கம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க, முதல் முடிவே சொல்லோடு சண்டை போடும்.

உவமை எங்கே உடையும் என்பதையும் சொல்ல வேண்டும். கலங்கிய நீர் விட்டுவைத்தால் தானாகத் தெளியும், நிரல் தெளியாது. தேற்றாங்கொட்டை மாதிரி கருவிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு முன்னால் ‘டீ’ என்று ஒட்டுப் போட வேண்டும், நாம் ‘தெளிவி’ என்று சும்மா சொல்லலாம். ஆனால் எவ்வளவு தெளிவித்தாலும் ‘வாடிக்கையாளர் வயது’ என்ற பழைய பெயர் திரும்பி வராது, அது ‘ஆ’தான். தண்ணீர் அளவில் குறையவில்லை, ஆனால் எழுதியவர் பெயராக விட்டுச்சென்ற விளக்கம் போய்விட்டது. இந்த ஒரு இடத்தில் கலங்கல் என்ற படம் உண்மையைவிடக் கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கிறது.

கணினிக்கு வெளியே இந்தச் சொல்லுக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்க. 2005ஆம் ஆண்டுச் சட்டம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தண்டனை பற்றிய 20ஆம் பிரிவு என்னென்ன தவறுகள் என்று வரிசையாகச் சொல்கிறது: மனுவை வாங்க மறுப்பது, தாமதம், கெட்ட நோக்கத்தோடு மறுப்பது, தெரிந்தே தவறான அல்லது அரைகுறையான அல்லது திசைதிருப்பும் தகவல் தருவது, தகவலை அழிப்பது, தருவதைத் தடுப்பது. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. நல்ல பட்டியல். ஆனால் ஒருவர் ஒரே ஒரு தொகையைக் கேட்கிறார், அவருக்கு எண்ணூறு பக்க நகல் வருகிறது என்று வெச்சுக்குவோம். அந்தத் தொகை உள்ளேதான் இருக்கிறது, எங்கே என்று தெரியாது, பக்க எண் இல்லை, தேதி வரிசை இல்லை. மறுக்கவில்லை, தாமதமில்லை, தவறில்லை, அரைகுறையும் இல்லை. மேல்முறையீட்டில் இவர் என்ன என்று எழுதுவார்? ‘தகவலை மறைத்தார்கள்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு எண்ணூறு பக்கத்தைத் தூக்கிக் காட்டும். ‘குழப்பினார்கள்’ என்று எழுதினால், ‘உமக்குப் புரியாததற்கு நாங்கள் என்ன செய்ய?’ என்று கேட்கும். நடந்தது என்ன என்பதற்குப் பெயர் இல்லாவிட்டால் புகாரின் முதல் வாக்கியத்திலேயே மனுதாரர் தோற்கிறார். ‘கேட்ட தகவலைக் கலங்கலாக்கிக் கொடுத்தார்கள்’ என்று எழுத முடிந்தால், குறைந்தபட்சம் எதைப் பற்றி வாதாட வேண்டும் என்பதாவது மேசைக்கு வரும்: பக்க எண்ணை எடுத்தது யார், ஏன்?

திறமூல விதியின் அந்த வரியை இப்போது இப்படி எழுதலாம்: ‘வேண்டுமென்றே கலங்கலாக்கப்பட்ட மூலநிரல் ஏற்கப்படாது.’ இதைப் படிக்கும் நிரலாளர் அடுத்து ஒரு கேள்வி கேட்பார் என்று எனக்குத் தெரியும்: இணையதளங்களில் ஜாவாஸ்கிரிப்டை இடைவெளி நீக்கி, பெயர்களை ஒற்றை எழுத்தாக்கி அனுப்புகிறோமே, அதுவும் கலங்கலாக்கமா? அது பதிவிறக்க நேரத்தை மிச்சம்பிடிக்கச் செய்வது, அதற்குச் ‘சுருக்குதல்’ என்றே பெயர் இருக்கட்டும். ஆனால் அந்தச் சுருக்கிய கோப்பை மட்டும் கையில் கொடுத்துவிட்டு ‘இதுதான் எங்கள் மூலநிரல்’ என்று ஒருவன் சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து அவன் குட்டைக்குள் இறங்கிவிட்டான்.